வலி வரக் காத்திருப்பதா, வலியை வரவழைப்பதா?

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குடும்பத்தின் கவனம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையிலும், குழந்தைக்கான துணிகளிலும், நள்ளிரவில் வலி எடுத்தால் யார் உடன் வருவார் என்பதிலும் செலவாகிறது. இவை தேவையானவைதான், ஆனால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடியவை. இவற்றைவிட அதிகம் யோசிக்க வேண்டிய ஒரு முடிவு, குறித்த தேதி தாண்டிய பிறகு, பரிசோதனை மேசையில் படுத்திருக்கும்போது சில நிமிடங்களில் எடுக்கப்பட்டுவிடுகிறது. பிரசவ வலி தானாக வரும்வரை காத்திருக்கலாமா, அல்லது மருந்தாலோ பலூனாலோ அதை வரவழைக்கலாமா என்பதே அந்த முடிவு. 36 அல்லது 37-ஆவது வாரத்திலேயே, களைப்பும் பதற்றமும் மிகுவதற்கு முன்பாக, இதை நிதானமாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்கு இது உண்மையிலேயே தேர்வுக்குரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் குழந்தை, தலை கீழாகத் திரும்பியிருக்கிறது, தாய்க்கு இரத்த அழுத்தமோ நீரிழிவோ இல்லை, குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறது, முன்பு சிசேரியன் நடந்ததில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கே இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. முன்சூல்வலிப்பு எனப்படும் இரத்த அழுத்தச் சிக்கலோ, குழந்தையின் வளர்ச்சிக் குறைவோ இருப்பவர்களிடம் மருத்துவர் வலியை வரவழைக்கலாம் என்று சொன்னால், அது இங்கே பேசப்படும் ஒப்பீட்டுக்குள் வராது. அங்கே காத்திருப்பதன் ஆபத்து வேறு அளவினது.

இந்த இரண்டு வழிகளையும் இயற்கை என்றும் செயற்கை என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் முடிவெடுப்பதற்கு உதவுவதில்லை. காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று பொருளில்லை. அதற்கும் பரிசோதனைகளும் கால எல்லையும் உண்டு. வலியை வரவழைப்பது என்றால் சிசேரியனை நோக்கிச் செல்லும் படிக்கட்டு என்றும் பொருளில்லை. எந்த வாரத்தில், எந்த நிலையில் உள்ள கருப்பைவாயுடன், முதல் பிரசவமா அடுத்ததா என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே 39-ஆவது வாரத்தில் சரியாக இருக்கும் விடை 41-ஆவது வாரத்தில் சரியாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் வாரக் கணக்கே தவறாக இருந்தால் மற்ற எதுவும் சரியாக இருக்காது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிப் பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. சுழற்சி 28 நாட்களாக இல்லாதவர்களுக்கும், தேதி சரியாக நினைவில்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒரு வாரமோ அதற்கு மேலுமோ பிசகலாம். 14 வாரத்துக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து சொல்லப்படும் வயதில் பிழை பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. மாறாக, 28 வாரத்துக்குப் பிந்தைய ஸ்கேன் காட்டும் தேதி மூன்று வாரம் வரைகூட விலகலாம். எனவே கடைசி ஸ்கேன் அறிக்கையில் தேதி மாறியிருப்பதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், அதை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். முதல் ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுத்துக் கோப்பின் மேலே வைத்துக்கொள்வது, கடைசி வாரங்களுக்கான ஆயத்தங்களில் மிகவும் பயனுள்ள ஒன்று. அப்படிச் சரியாகக் கணித்த தேதியிலும் ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒன்றுதான் அன்றைக்கே பிறக்கிறது என்பதால், அதை ஒரு நாளாகக் கொள்ளாமல் ஒரு காலப்பகுதியின் நடுப்புள்ளியாகக் கொள்வதே பொருத்தம்.

39 வாரம் நிறைவதற்கு முன், மருத்துவக் காரணம் ஏதும் இல்லாமல் பிரசவத்தை முன்கூட்டி நடத்துவதை ஏற்க முடியாது. 37, 38-ஆவது வாரங்களில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன என்றாலும், மூச்சுத் திணறலும் பாலுறிஞ்சுவதில் தடுமாற்றமும் அவர்களிடம் சற்று அதிகம். நுரையீரலும் மூளையும் அந்த வாரங்களிலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நல்ல நாள் பார்ப்பதற்காகவோ, உறவினர் வரும் நாளுக்காகவோ அந்த வளர்ச்சியைக் குறைப்பது நியாயமில்லை.

39 வாரம் நிறைந்த பிறகு நிலைமை மாறுகிறது. அமெரிக்காவின் 41 மருத்துவமனைகளில், முதல் பிரசவத்துக்காகக் காத்திருந்த, சிக்கல் ஏதுமில்லாத 6,106 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. 39-ஆவது வாரத்தில் வலி வரவழைக்கப்பட்ட குழுவில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்த குழுவில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. கர்ப்பகால இரத்த அழுத்தச் சிக்கல்கள் முதல் குழுவில் 9.1 சதவீதமாகவும், இரண்டாவதில் 14.1 சதவீதமாகவும் இருந்தன. குழந்தைகளின் நலனில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வலியை வரவழைத்தால் சிசேரியன் கூடும் என்று நீண்ட காலமாக நம்பப்பட்டு வந்ததற்கு மாறான விடை இது. முந்தைய கணக்குகள், வலி வரவழைக்கப்பட்டவர்களை அதே வாரத்தில் தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டன. தானாக வலி வருவது என்பது நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்றல்ல. தேர்ந்தெடுக்கக் கூடியது காத்திருப்பதை மட்டுமே, காத்திருப்பவர்களில் சிலருக்கு அடுத்த வாரத்தில் இரத்த அழுத்தம் ஏறலாம், சிலருக்குத் தேதி கடந்து போகலாம்.

இந்த ஆய்வை வைத்து எல்லோரும் 39-ஆவது வாரத்திலேயே வலியை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கணக்கைத் திருப்பிப் பார்த்தால், ஒரு சிசேரியனைத் தவிர்க்க 28 பெண்களுக்கு வலியை வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஆய்வில் சேரத் தகுதி பெற்றிருந்தவர்களில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியவர்களே சம்மதித்தார்கள். அங்கே நேரம் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. பிரசவப் பிரிவில் இருந்த நேரத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் மீதிப் பேருக்கு அதிகமாகவும் அமையும் நடு அளவு), வலி வரவழைக்கப்பட்டவர்களுக்கு 20 மணி நேரம், காத்திருந்தவர்களுக்கு 14 மணி நேரம். படுக்கைகள் நிரம்பி, அடுத்தவருக்கு இடம் விட வேண்டிய அவசரத்தில் இயங்கும் ஒரு பிரிவில் அந்தப் பொறுமை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. பொறுமை கிடைக்காத இடத்தில் அதே முடிவு சிசேரியனைக் கூட்டவும் செய்யலாம். உலக சுகாதார நிறுவனமும், சிக்கலற்ற கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் வலியை வரவழைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆகையால் 39, 40-ஆவது வாரங்களில் இரண்டு வழிகளும் ஏறத்தாழச் சமமானவை. தாயின் விருப்பமே இங்கே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். காத்திருக்க விரும்புகிறவரை அவசரப்படுத்துவதற்கும், உடல் வலியாலும் தூக்கமின்மையாலும் துவண்டு வலியை வரவழைக்கச் சொல்லிக் கேட்பவரைப் பொறுமையற்றவர் என்று சொல்வதற்கும் இந்த வாரங்களில் இடமில்லை.

41 வாரம் நிறைந்ததும் அந்தச் சமநிலை குலைகிறது. நஞ்சுக்கொடி தன் வேலையின் முடிவை நெருங்குகிறது. பனிக்குட நீர் குறையத் தொடங்குகிறது. குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழிக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-இல் வெளியான, ஒன்றரைக் கோடி கர்ப்பங்களை உள்ளடக்கிய ஒரு தொகுப்பாய்வு, 40-லிருந்து 41-ஆவது வாரத்துக்குக் கர்ப்பம் தொடரும்போது, ஏறத்தாழ 1,449 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் குழந்தை வயிற்றிலேயே இறப்பது கூடுவதாகக் கணக்கிட்டது. எண்ணிக்கை சிறியதுதான், அதைச் சொல்லி யாரையும் மிரட்டக் கூடாது. ஆனால் வாரம் ஏறஏற அது ஏறிக்கொண்டே போகிறது. ஸ்வீடனில் 2,760 பெண்களிடம், 41 வாரத்தில் வலியை வரவழைப்பதையும் 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு, திட்டமிட்டபடி நடந்து முடியவில்லை. காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன, மற்றக் குழுவில் ஒன்றுகூட இறக்கவில்லை என்பது தெரிந்ததும் அதை 2018-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். சிசேரியனின் அளவு இரண்டு குழுக்களிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 34 ஆய்வுகளையும் 21,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, ஒரு குழந்தையின் இறப்பைத் தவிர்க்க 544 பேருக்கு வலியை வரவழைக்க வேண்டியிருக்கும் என்று கணித்தது.

544 என்ற எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். 543 பேருக்கு அந்தத் தலையீடு இல்லாமலேயே குழந்தை உயிரோடு பிறந்திருக்கும் என்பது ஒன்று. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையாலும் முடியவில்லை என்பது மற்றொன்று. சிசேரியனைக் கூட்டாத ஒரு வழியைக் கைக்கொண்டு அந்த ஓர் இழப்பைத் தவிர்க்க முடியும் என்றால், 41 வாரம் நிறைந்த பிறகு தராசு வலியை வரவழைக்கும் பக்கமே சாய்கிறது என்று நான் கருதுகிறேன். முதல் பிரசவமாக இருந்தால் இன்னும் அழுத்தமாகவே இதைச் சொல்வேன்; முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம்தான் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 42 வாரத்துக்கு அப்பாலும் காத்திருப்பதை ஒரு வழியாக முன்வைக்க என்னால் இயலவில்லை.

இனி, வலியை வரவழைப்பது என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலருடைய ஏமாற்றம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வருகிறது. காலையில் சேர்ந்தால் மாலைக்குள் குழந்தை கையில் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர், இரண்டாம் நாள் விடியும்போதும் வலி பிடிக்காமல் இருந்தால், ஏதோ தவறிவிட்டது என்றே அஞ்சுகிறார். உண்மையில் எல்லாம் கருப்பைவாயைப் பொறுத்தது. அது எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் கூட்டி மதிப்பெண் போடும் முறையை எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964-இல் வெளியிட்டார். அந்த மதிப்பெண் 8-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, வலியை வரவழைப்பது தானாக வலி வருவதைப் போலவே நல்லபடியாக நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், முதலில் கருப்பைவாயைப் பக்குவப்படுத்த வேண்டும். அதற்கே பல மணி நேரமோ ஒரு முழு நாளோ ஆகலாம். எனவே “எனக்கு மதிப்பெண் எவ்வளவு?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு தாயின் உரிமை.

பக்குவப்படுத்துவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மருந்து: உள்ளே வைக்கப்படும் புரோஸ்டாகிளாண்டின் ஜெல், அல்லது மிசோபிரோஸ்டால் மாத்திரை. மிசோபிரோஸ்டால் முதலில் வயிற்றுப்புண்ணுக்காக உருவாக்கப்பட்டது. அதன் வழக்கமான மாத்திரை 200 மைக்ரோகிராம் கொண்டது, பிரசவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாக 25 மைக்ரோகிராம். எட்டில் ஒரு பங்கு என்ற இந்த நுண்ணிய அளவு பிசகினால், வலிகள் இடைவெளியின்றி வந்து குழந்தையின் இதயத்துடிப்பைப் பாதிக்கலாம். மற்றொரு பாதை பலூன். மெல்லிய குழாயின் முனையிலுள்ள பலூனைக் கருப்பைவாயின் உட்புறம் வைத்து, 30 முதல் 80 மில்லிலிட்டர் வரை நீர் ஏற்றுவார்கள். அதன் அழுத்தத்தில் வாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானாக வெளியே விழுந்துவிடும். வைக்கும்போது வேதனை உண்டு. ஆனால் வலிகள் அளவு மீறுவது மருந்தைவிட இதில் குறைவு, வேண்டாமென்றால் எடுத்துவிடவும் முடியும். இரண்டும் கிடைக்கும் இடத்தில் நான் பலூனுக்கே முதலிடம் தருவேன். முன்பு சிசேரியன் நடந்தவருக்கு மிசோபிரோஸ்டால் கொடுக்கவே கூடாது. பழைய தையல் பிரிந்து கருப்பை கிழியும் அபாயம் இருக்கிறது.

கருப்பைவாய் பக்குவமானதும் பனிக்குடத்தை உடைத்துவிடுவதும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஹார்மோனான ஆக்ஸிடோசினை டிரிப்பாக ஏற்றுவதும் தொடர்கின்றன. ஆக்ஸிடோசினை ஆய்வகத்தில் உருவாக்கியதை வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1953-இல் அறிவித்தார்; 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மருந்தும் உடலில் சுரப்பதும் ஒரே மூலக்கூறுதான், வரும் விதம்தான் வேறு. உடல் அதை அலையலையாக விடுவிக்கிறது, டிரிப்போ இடைவிடாமல் சொட்டுகிறது. இதனால் வலிகள் மெல்லத் தொடங்கிக் கூடுவதற்குப் பதிலாகச் சீக்கிரமே நெருங்கி வரலாம். குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருப்பதால் நடமாட்டமும் சற்றுக் குறைகிறது. தானாக வலி வரும்போது தொடக்க மணி நேரங்களை வீட்டிலேயே, தன் விருப்பப்படி நடந்தும் படுத்தும் குளித்தும் கழிக்க முடியும். அந்த நிம்மதியை எந்த ஆய்வின் எண்ணிக்கையிலும் காண முடியாது, ஆனால் பலருக்கு அது மிகப் பெரியது. வலி நிவாரணத்தைப் பற்றி, எபிடூரல் (முதுகுத்தண்டின் அருகே செலுத்தப்படும் மரப்பு மருந்து) கிடைக்குமா, எந்நேரமும் கிடைக்குமா என்பதை, வலியை வரவழைக்கச் சம்மதிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எப்போது தோல்வி என்று சொல்வார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. பனிக்குடம் உடைந்து, ஆக்ஸிடோசின் தொடங்கிய பிறகு, தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்வரை குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பின்பே, வலி பிடிக்கவில்லை என்று சிசேரியனுக்குப் போக வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்புகள் 2014-இல் சொன்ன வழிகாட்டுதல். 2018-இல் உலக சுகாதார நிறுவனம், கருப்பைவாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரப் பிரசவம் தொடங்குவதாகக் கொண்டது. அதற்கு முந்தைய மெதுவான நேரத்தைத் தாமதம் என்று எண்ணி அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

காத்திருப்பதற்கும் வலியை வரவழைப்பதற்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. 39-ஆவது வாரத்துக்குப் பிறகான உள்பரிசோதனையின்போது, பனிக்குடச் சவ்வின் கீழ்ப்பகுதியை விரலால் கருப்பையிலிருந்து சற்றுப் பிரித்துவிடுவார்கள். இதனால் அடுத்த சில நாட்களில் தானாக வலி வரும் வாய்ப்பு கூடுகிறது. செய்யும்போது வலிக்கும், சிறிது இரத்தக் கசிவும், ஓரிரு நாள் ஒழுங்கற்ற வலிகளும் வரலாம். மருந்து வேண்டாம், ஆனால் 41 வாரத்தைத் தாண்டவும் வேண்டாம் என்பவர்களுக்கு இது பொருத்தமானது. ஆனால் தாயின் சம்மதம் கேட்காமல், வழக்கமான பரிசோதனை என்ற பெயரில் இதைச் செய்துவிடுவது தவறு. எவ்வளவு நல்ல நோக்கமாயினும் அதை நியாயப்படுத்த முடியாது.

காத்திருப்பதைத் தேர்ந்தெடுப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 41 வாரம் வரை வழக்கமான பரிசோதனைகள் போதும். அதன் பிறகும் காத்திருந்தால், வாரத்துக்கு இரண்டு முறையாவது இதயத்துடிப்புப் பதிவும், பனிக்குட நீரின் அளவைக் காட்டும் ஸ்கேனும் தேவைப்படும். நீரின் ஆழமான பகுதி இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் காத்திருப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தப் பரிசோதனைகள் அன்றைய நிலையைச் சொல்லும், நாளைக்கு உத்தரவாதம் தராது. மருத்துவமனைக்குச் செல்ல நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வலி வராமலேயே பனிக்குடம் உடைந்துவிட்டால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. 5,041 பெண்களைக் கொண்டு 1996-இல் வெளியான ஆய்வில், உடனே ஆக்ஸிடோசின் கொடுத்தாலும் காத்திருந்தாலும் குழந்தைகளுக்கான தொற்றும் சிசேரியனும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. தாய்க்கான தொற்று, காத்திருந்தவர்களிடம் அதிகமாக இருந்தது. நீர் தெளிவாக இருந்து, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் சில மணி நேரம் பொறுக்கலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பொறுக்கக் கூடாது. எப்படியிருந்தாலும் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

எந்த வழியானாலும் கடைசி வாரங்களின் ஆயத்தம் பெரும்பாலும் ஒன்றுதான். கூடவே இருக்கப் போகிறவரை முடிவு செய்வது அதில் முதன்மையானது. பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் துணையாக இருந்தால் சுகப்பிரசவத்தின் வாய்ப்பு கூடுகிறது, நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டின் மதிப்பாய்வு காட்டியது. மருந்தில்லாத, பக்கவிளைவில்லாத உதவி இது. வலி வரவழைக்கப்படும் நீண்ட மணி நேரங்களில் அந்தத் துணையின் தேவை இன்னும் கூடுகிறது, ஆகவே ஒருவருக்கு மாற்றாக இன்னொருவரையும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. காத்திருப்பவர், வலிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்பலாம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது பிரசவமென்றால் அதற்கும் முன்பே கிளம்ப வேண்டும்.

இரண்டு வழிகளிலும் ஒரே விதமாகப் பொருந்தும் ஒரு விஷயம் குழந்தையின் அசைவு. பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும், அசைவு குறைவது இயல்பு என்று பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல, இடம் நெருக்கமாவதால் அசைவின் விதம் மாறலாமே தவிர, கடைசி நாள் வரை அசைவு குறையக் கூடாது. எத்தனை முறை என்ற பொதுக் கணக்கைவிட, அந்தக் குழந்தையின் வழக்கம் என்னவோ அதிலிருந்து விலகுகிறதா என்பதே முக்கியம். அப்படி விலகினால், மறுநாள் காலையில் வலி வரவழைக்க நாள் குறித்திருந்தாலும், அன்று மாலைதான் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாலும், அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.